எலும்புக்கு வயது பார்ப்பவர்கள்

பிலிப்பைன்ஸ் தேசத்தின் வடபால், லூசோன் தீவின் மலைநாட்டிலே, சகாடா என்றோர் ஊர் இருக்கின்றது. அங்கே லூமியாங் என்னும் குகையின் வாயிலில் மரத்தாற் செய்த பழைய சவப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கப்பட்டுள்ளன. பல பெட்டிகள் ஆள் நீளத்திற் பாதிகூட இல்லை. கருப்பையிற் குழந்தை கிடப்பதுபோல முழங்கால்களை மார்போடு மடக்கி இறந்தவரை உள்ளே வைப்பது அம்மலைவாசிகளின் வழக்கம். சில மூடிகளில் பல்லியின் உருவம் செதுக்கியிருக்கும். என் நண்பரான ஆசிரியரொருவர் சென்ற ஆண்டு அவ்விடம் போய்வந்து, தாம் பிடித்த படங்களை என்னிடம் காட்டினார். காட்டும்போது அவர் குரல் தழுதழுத்தது. "செத்தவனை எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள் பாரும்! நம்முடைய தேசத்தில் இப்படியொன்று இல்லையே!" என்று அங்கலாய்த்தார்.

"மன்னாருக்கு வாரும்" என்றேன்.

அவர் சிரித்தார். மன்னாரிலே குகையேது, மலையேது? தட்டையான மணல்தீவு. கழுதைகளும் பனைகளும், பள்ளிமுனையில் அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பருத்த பெருக்குமரமும், கடலோரத்துக் கோட்டையும். ஆதாம் ஏவாளின் சமாதி என்று முஸ்லிம் மக்கள் போற்றும் நீண்ட இரு கல்லறைகளும் அங்கேதான் உள்ளன. ஏறக்குறைய நாற்பதடி நீளம். அவர்களுடைய பிள்ளைகளான ஆபில், காபில் ஆகியோரின் சமாதிகள் கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் இருக்கின்றன என்பது ஐதிகம். தாய் தந்தையர் இக்கரையில், பிள்ளைகள் அக்கரையில்! ஐதிகம் வரலாறாகாது. ஆயினும் பாக்குநீரிணையின் இரு கரையையும் ஒரே குடும்பமாக எண்ணிப் பார்த்த அந்தப் பாமரக் கற்பனை, இன்று வரைபடத்தில் கோடு கிழிக்கும் அறிஞர்களின் அறிவைவிட மேலானதென்றே எனக்குப் படுகின்றது.

நண்பர் கேட்ட புதைகாடு மன்னார்க் கரையோரமாகத் தெற்கே போனால் உண்டு. அரிப்பு, சிலாவத்துறை என்று பழைய முத்துக்குளிப்புத் துறைகளைக் கடந்து, மோதரகம் ஆற்றுக்கும் குதிரைமலைக்கும் அப்பால், இன்று வில்பத்து வனத்துக்குள் அகப்பட்டுக்கிடக்கும் பொம்பரிப்பு என்னும் இடம் அது. அங்கே மரப்பெட்டி இல்லை, தாழி உண்டு. 1924 இல் ஹோகார்ட் என்பவரும், 1956, 57 ஆம் ஆண்டுகளில் தெரணியகலையும், 1970 இல் விமலா பெக்லியும் பிறரும் அங்கு அகழ்ந்திருக்கிறார்கள். நிலத்திற்குள் வாய்திறந்து நிற்கும் பெரிய மட்பாண்டங்கள். அவற்றுள் மனித எலும்புகள். பக்கத்தில் கறுப்புச்சிவப்புக் கலங்கள். ஒரு தாழியில் ஒருவர் மட்டும் இருப்பதில்லை. பலருடைய எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்த தாழிகளும் கிடைத்தன. தாமிரபரணிக்கரை ஆதிச்சநல்லூரில் 1876 இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் தோண்டிக் கண்ட ஈமக்காட்டுக்கு இது நெருங்கிய உறவு என்பதை ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புவர்.

புறநானூற்றிலே, கணவனை இழந்த பெண்ணொருத்தி தாழி வனையும் குயவனை விளித்து, தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி அகலமாக வனையென்று வேண்டுகின்ற பாட்டொன்றுண்டு. அதைப் பள்ளிக்கூடத்திற் படிப்பிக்கும்போது நாம் அந்தப் பெண்ணின் கற்பைச் சிலாகித்துவிட்டு மணியடித்ததும் எழுந்து போகிறோம். அந்தக் குயவனை நாம் நினைப்பதில்லை. ஆள் இறங்கி நிற்கக்கூடிய தாழியைச் சூளையிலே வெடிக்காமற் சுட்டெடுப்பது இலேசான காரியமா? மண் பிசைந்தவன் யார், விறகு சுமந்தவன் யார், குழி தோண்டியவன் யார்? பொம்பரிப்பின் புதைகுழிகள் எண்ணாயிரம் வரை இருக்கலாமென்று மதிப்பிட்டவர்கள் உண்டு. அத்தனை தாழிகளையும் ஒரு சமூகம் தன் உழைப்பிலிருந்து ஒதுக்கி, செத்தவனுக்கென்று கொடுத்திருக்கிறது. அந்தச் சமூகம் தன் பிணங்களை எண்ணி வைத்திருந்தது. யாருடைய எலும்பை யாரோடு சேர்ப்பதென்று அதற்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தாழிகளை வைத்துக்கொண்டு நம்மவர் நடத்தும் சண்டையை வாசகர் அறிவர். "இவை தமிழனுடையவை, ஆகவே நாடு தமிழனுடையது" என்பார் ஒருவர். "விஜயன் வந்திறங்கிய கரை இது, ஆகவே எல்லாம் எங்களுடையது" என்பார் மற்றொருவர். தாழிக்குள் இருப்பவன் தன்னை எந்தப் பெயரால் அழைத்துக்கொண்டான் என்பதை அவனிடம் கேட்க வழியில்லை; ஆகையால் இருவரும் உரத்த குரலிற் பேசிக்கொள்ளலாம். மூவாயிரமாண்டுக்கு முன் செத்தவனைப்போல் வசதியான குடிமகன் வேறில்லை. அவன் அரிசி விலை கேட்கமாட்டான், காணி கேட்கமாட்டான். தன்னைக் கொன்றவன் யாரென்றும் கேட்கமாட்டான்.

கேட்கக்கூடிய எலும்புகள் வெளிப்பட்டபோதுதான் எல்லாருக்கும் நாக்கு உலர்ந்துபோயிற்று.

2018 மார்ச் மாதம், மன்னார் நகரின் நுழைவாயிலிலே சதொச நிறுவனத்துக்குப் புதிய கட்டிடம் எழுப்புவதற்காக நிலத்தை வெட்டினார்கள். அங்கிருந்து ஏற்றிச் சென்ற மண்ணிலே மனித எலும்புகள் தென்பட்டன. நீதிமன்றின் கட்டளையின்பேரில் அகழ்வு தொடங்கிற்று. சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷவின் தலைமையில், களனிப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளர் ராஜ் சோமதேவவும் பங்குகொள்ள, மாதக்கணக்காக அது நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள்! அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை குழந்தைகளுடையவை. தாறுமாறாக, ஒன்றன்மேலொன்றாக, ஒழுங்கான அடக்கத்துக்குரிய எந்த அடையாளமுமின்றிப் பல கிடந்தன. சிலவற்றின் கால்கள் பிணைக்கப்பட்டிருந்தன எனவும் செய்திகள் வந்தன. இங்கே பெட்டியுமில்லை, தாழியுமில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அந்த வேலியோரத்தில் வந்து நின்றார்கள். நிற்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, அரசின் சொந்தக் கணக்குகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நடந்ததென்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைக்காமலே 2021 இல் அவர் காலமானார்.

2019 ஜனவரியில் ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பீற்றா அனலிற்றிக் என்னும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. மார்ச்சில் முடிவு வந்தது. எலும்புகள் 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலத்தன என்றார்கள். அகழ்வு அத்தோடு நின்றது. கொழும்பிலே சில பத்திரிகைகளும் சில மந்திரிமாரும் பெருமூச்சு விட்டார்கள். "பார்த்தீர்களா, பழைய எலும்பு! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

நான் விஞ்ஞானத்தை நம்புகிறவன். நமது தரப்பில் சிலர் செய்ததுபோல, முடிவு பிடிக்கவில்லையென்பதற்காக ஆய்வுகூடத்தையே சதிகாரனாக்குவது நம் வேலையன்று. கரிமக் கணிப்பு இயங்கும் விதத்தை மாணவ நண்பர்கள் அறிந்திருப்பது நன்று. உயிருள்ளவரை நாம் உண்ணும் உணவோடு கதிரியக்கக் கரிமம் உடலிற் சேர்கிறது. இறந்தபின் அது மெல்லமெல்லச் சிதைகிறது. 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் காலம் தெரியும். இன்னொன்று: 1950 களிலும் 60 களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிலிருந்த இக்கரிமம் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. அதன்பின் பிறந்து வளர்ந்த ஒவ்வொருவர் எலும்பிலும் அந்தப் பாவத்தின் முத்திரை உண்டு. உமது எலும்பிலும் உண்டு, என் எலும்பிலும் உண்டு. ஆகவே 1980 களிலோ 90 களிலோ கொல்லப்பட்ட ஒருவரை ஐந்நூறாண்டுக்கு முற்பட்டவரென ஆய்வுகூடம் மயங்கிவிட இடமில்லை. மீனையே பெரிதும் உண்டு வாழ்ந்த கரையோர மக்களின் எலும்பு, கடலின் பழைய கரிமத்தை ஏற்றுக்கொண்டிருப்பதால், உண்மையிலும் சில நூறாண்டு மூத்ததாகத் தோன்றக்கூடும். அதற்குத் திருத்தக் கணக்கு உண்டு. அந்தத் திருத்தத்தால் காலம் முன்பின் நகரலாம். போர்க்காலத்துக்கு வந்து சேராது.

ஆகவே ஒப்புக்கொள்வோம். அந்த ஆறு எலும்புகள் நம் காலத்தவருடையவை அல்ல.

ஆறு! முந்நூறுக்கு மேற்பட்டவற்றுள் ஆறு. எந்த ஆசிரியராவது முந்நூறு விடைத்தாளில் ஆறைத் திருத்திவிட்டு மீதிக்கும் அதே புள்ளியைப் போடுவாரா? போட்டால் வட்டாரக் கல்வியதிகாரி சும்மா விடுவாரா? எலும்பின் வயது ஒரு சாட்சி மட்டுமே. மண்ணடுக்கு என்ன சொல்கிறது, உடன் கிடைத்த பொருள்கள் என்ன சொல்கின்றன, எலும்பிலுள்ள வெட்டும் முறிவும் என்ன சொல்கின்றன, எல்லாரும் ஒரே நாளிற் புதைக்கப்பட்டனரா பல காலத்திற் புதைக்கப்பட்டனரா என்ற கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடித்த பின்னரன்றோ தீர்ப்பு? நமது ஆட்சியாளர் தமக்கு வசதியான ஒரு சாட்சியைக் கேட்டதும் வழக்கை மூடிவிட விரும்பினார்கள்.

இதனினும் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. அதில் நமக்கும் பங்குண்டு. எலும்பு பழையதென்று தெரிந்த அன்றே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம். சரி, ஐயா, ஐந்நூறாண்டுக்கு முன் இறந்தவர்கள்தாமென்றே வைத்துக்கொள்வோம். யார் இவர்கள்? குழந்தைகளோடு முந்நூறு பேர் ஒரு குழியில் எப்படி வந்தார்கள்? 1544 இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன், கத்தோலிக்க மதத்தைத் தழுவிய மன்னார்க் குடிமக்கள் அறுநூறு பேருக்கு மேல் வெட்டுவித்தான் என்பது வரலாறு. தோட்டவெளியில் அவர்களின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. 1560 இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் அதைப் பறித்தனர். முத்துக்குக் குளித்தவன் மூச்சடக்கி மூழ்க, முத்தோ மன்னனுக்கும் கப்பித்தானுக்கும் கம்பனிக்கும் போயிற்று. அக்குழியிற் கிடப்பவர்கள் வாளால் மடிந்தவர்களா, கொள்ளைநோயால் மடிந்தவர்களா, விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளா? இவற்றில் ஒன்றைத் துணிந்து சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆதாரத்தைத் தேடவேண்டியவர்களோ தேடவில்லை.

தேடாததன் காரணம் எனக்குத் தெரியும். அரசுக்கு, தன்மீது குற்றமில்லையென்றால் போதும். நம்முடைய வீரப்பிரதாபர்களுக்கு, அரசின்மீது குற்றம் வராதென்றால் எலும்பினால் பயனில்லை. சங்கிலியின் சிலைக்கு மாலை போடுகிறவன் சங்கிலியின் வாளுக்கு இரையானவனைத் தேடுவானா? கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் நெஞ்சு நிமிர்த்துகிற கூட்டம், மன்னார்க் குழியிலிருந்த ஏழைச் சனங்களின் எலும்பைக் கண்டதும் வேறுபக்கம் பார்த்தது. அந்த எலும்புகள் பெருமை தரக்கூடியவையாய் இல்லை, அவ்வளவுதான்.

இப்பழக்கம் மன்னாரோடு நிற்பதில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில், சாண எரிவாயுக் கலனொன்று கட்ட நிலம் தோண்டிய வேலையாட்கள் எலும்புகளைக் கண்டார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்கள். 1987 தொடக்கம் 89 வரை ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒடுக்கிய காலத்திற் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் அங்கே வந்து அழுதார்கள். சோமதேவ அவ்வெலும்புகளை 1980 களின் பிற்பகுதிக்கு உரியனவென்று கணித்தார். பின்னர் மாதிரிகள் அமெரிக்கா போயின, 1950 க்கு முற்பட்டவை என்ற விடை வந்தது, விசாரணை ஓய்ந்தது. சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தாய்க்கும் ஒரே மறுமொழி: "உன் பிள்ளையில்லை, போ." மொழியில் இரண்டாகப் பிரித்து வைத்தவர்கள் மறுமொழியில் மட்டும் ஒற்றுமை காத்தார்கள்!

மன்னாரையும் மாத்தளையையும் இணைக்கும் பாதையொன்று முன்னொரு காலத்தில் இருந்தது. 1830 களிலிருந்து, கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட கூலிமக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழிநெடுகச் செத்தார்கள். அந்தப் பாதையோரத்திற் கிடப்பவர்களுக்குக் கல் நாட்டியவர் யார்? இலங்கையின் செல்வம் அவர்களுடைய எலும்பின்மேல் எழுந்தது என்று மேடையிற் பேசுகிறோம். உருவகமென்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். அது உருவகமன்று, நிலஅளவை விவரம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். நமது புதைகுழிகளை யார் கண்டுபிடிக்கிறார்கள்? 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்கு அண்மையில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள். எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, அதையும் பழைய இடுகாடென்றார்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் மறுபடியும் தண்ணீர்க் குழாய், ஐம்பதுக்கு மேற்பட்டோர். 2025 இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில், எரியூட்டும் மேடைக்கு அத்திவாரம் வெட்டியவர்கள். இருநூறுக்கு மேற்பட்டோர், அவர்களிடையே ஒரு குழந்தையின் பள்ளிப்பையும் பொம்மையும். ஒவ்வொரு தடவையும் மண்வெட்டி பிடித்த தினக்கூலிக்காரனின் கையிலேதான் சரித்திரம் தட்டுப்பட்டிருக்கிறது. ஆணைக்குழுக்கள் கண்டுபிடித்த புதைகுழியென்று ஒன்றையாவது எனக்குக் காட்டுங்கள், இக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மன்னார் மணலுக்கு இப்போது நல்ல விலை. இல்மனைற் என்னும் கனிமம் இருக்கிறதென்று தீவு முழுவதும் துளையிட்டுப் பார்த்தார்கள். மக்கள் வீதியில் இறங்கி மறித்தார்கள். மணலின் ஒவ்வொரு பிடியையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கெடுக்கப் பணமும் பொறுமையும் உண்டு. அதே மணலிற் கிடந்த மனிதர்களுக்கு ஆறு மாதிரி.

நம் கைகளும் சுத்தமல்ல என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் துப்பாக்கிமுனையில் வெளியேற்றினார்கள். ஆதாம் ஏவாளின் சமாதிக்கு விளக்கேற்றியவர்கள் உடுத்த துணியோடு கடலேறிப் போனார்கள். அன்று எத்தனை தமிழ்ப் பேனாக்கள் அசைந்தன? தன் பிணத்துக்கு மாத்திரம் அழுகிறவனுக்குப் பிறர் வந்து அழவேண்டுமென்று கேட்க என்ன உரிமை?

ஆகவே நாம் கேட்கவேண்டியவற்றைத் திட்டமாகக் கேட்போம். மன்னார் அகழ்வின் முழு அறிக்கை மும்மொழியிலும் அச்சாகி எந்தப் பள்ளிக்கூட நூலகத்திலும் கிடைக்கவேண்டும். ஆறு மாதிரியோடு நில்லாமல், குழியின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் போதிய மாதிரிகள் ஆராயப்படவேண்டும். உறவினரைத் தேடுவோரின் மரபணு மாதிரிகள் அவர்களுடைய சம்மதத்தோடு சேகரிக்கப்பட்டுக் காக்கப்படவேண்டும். ஆர்ஜன்ரீனாவின் பாட்டிமார் அப்படித்தான், அரசு கையை விரித்தபோது விஞ்ஞானிகளைத் தாமே தேடிப்பிடித்து, களவாடப்பட்ட பேரப்பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராகக் கண்டெடுத்தார்கள். பழையவையென்று உறுதியாகும் எலும்புகளுக்கும் ஊரறிய ஓர் அடக்கமும், இன்னார் இங்கே இன்னவாறு மடிந்தார்கள் என்று தெரிந்த அளவுக்குப் பொறித்த ஒரு கல்லும் வேண்டும். பல்கலைக்கழக வரலாற்று மாணவர்கள் இதில் இறங்கினால் ஐந்தாறு நல்ல ஆய்வேடுகள் தேறும். எத்தனை காலத்துக்குத்தான் சிங்கைநகர் எங்கேயிருந்தது என்று மல்லுக்கு நிற்பது?

நண்பர் உண்மையிலேயே என்னோடு மன்னாருக்கு வந்தார். பாலத்தைக் கடந்து நகரின் வாயிலில் இறங்கி நின்றோம். பேருந்துகள் வந்தன, போயின. மீன்பெட்டி கட்டிய துவிச்சக்கர வண்டியொன்று எங்களை விலத்திக்கொண்டு போயிற்று. பள்ளிப்பிள்ளைகள் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நடந்தார்கள். அகழ்வு நடந்த இடத்தைக் காட்டினேன். அவர் கையிலிருந்த கருவியை எடுத்துப் படம் பிடிக்க முயன்று, பின் ஏனோ சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"எடுத்த எலும்பெல்லாம் எங்கே?" என்றார்.

இலக்கமிட்ட பெட்டிகளில் இடப்பட்டு நீதிமன்றின் பொறுப்பில் வைக்கப்பட்டன என்று சொன்னேன்.

"பெட்டியிலா?" என்று கேட்டார். சகாடாவின் நினைவு வந்திருக்கவேண்டும். மேலே ஒன்றும் கேட்கவில்லை. வவுனியாவுக்குப் போகும் கடைசிப் பேருந்து ஹோர்ண் அடித்தது, ஏறிக்கொண்டோம்.